ஜன்னல் சீட்டும் கோமளா அத்தையும்

செப்டம்பர் 1, திங்கள்

பெங்களூர் போகிற காலை ரயிலில் இன்றைக்கு நான் கதை சொல்ல, லதா அழுதாள். சைலஸ் அழவில்லை, மூக்கை மட்டும் சிந்தினான். ஏசி மெக்கானிக் வேலையில் தூசி அதிகம் மாமா என்றான். எனக்குத் தெரியாதா தூசி எது, அழுகை எது என்று. பங்காருப்பேட்டையில் இட்லி விற்க ஏறியவன்கூட இறங்க மறந்து மாலூர் வரைக்கும் வந்துவிட்டான். (நெரிசலில் இறங்க வழி இல்லை என்றும் சொல்லலாம். ஆனால் அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டது உண்மை.)

'ஏழாவது வீட்டு மருமகள்' சீரியலின் சனிக்கிழமை எபிசோடு. கோமளா அத்தை மருமகள் பூங்கோதையின் பெட்டியைத் தெருவில் தூக்கிப் போடுகிறாள். பூங்கோதை அழவில்லை. பெட்டி இடித்து கேட்டில் இருந்த ஏழாம் நம்பர் பலகை கோணிப்போயிருக்கிறது. அதை நேராக மாட்டிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்துபோகிறாள். அவ்வளவுதான். ஒரு வசனம் இல்லை. எடுத்தவன் கையில் தங்க வளையல் போடலாம்.

அதை அப்படியே சொன்னேன். கூடக் கொஞ்சம் மழை சேர்த்தேன்.

பெங்களூருக்கு வேலைக்குப் போகிற ஜனம் ராத்திரி எட்டுக்கு மேல்தான் வீடு சேரும். பெண்கள் வந்ததும் அடுப்படிக்குப் போவார்கள். சீரியல் எட்டரைக்கு. போனில் பார்க்கலாமே என்று ஒருத்தன் புத்தி சொன்னான். பாத்திரம் தேய்க்கிற கையில் போனை எங்கே பிடிக்கிறது என்று லதா கேட்டாள். ஆகையால் முந்தின நாள் எபிசோடை மறுநாள் காலை என் வாயால் கேட்பது இந்த ரயில் பெட்டியின் வழக்கம். ஒரு வருஷம் ஆகிறது. வேறு பெட்டிக்காரர்கள் பொறாமையில் இருக்கிறார்கள்.

அதற்குப் பதில் எனக்கு ஜன்னல் சீட்டு. எங்கள் ஸ்டேஷனுக்கு வண்டி வரும்போது நிற்கக்கூட இடம் இருக்காது. லதா, வண்டி கிளம்புகிற மாரிக்குப்பத்திலேயே ஏறி, ஜன்னல் பக்கம் துப்பட்டாவைப் போட்டுவைப்பாள். போன மாசம் ஒரு பெரிய கட்சிக்காரர் அங்கே உட்காரப் போனார். "அது தாமோதரன் அண்ணன் சீட்டு, சார்" என்றாள். அவர் நின்றுகொண்டே போனார். ஒயிட்ஃபீல்டு வரைக்கும்.

என் முட்டிக்கு அந்த சீட்டு வேணும். தங்க மைன்ஸில் ஆளைக் கீழே இறக்குகிற கேஜ் கயிறு நழுவினபோது நான் ஒரு காலால் தாங்கிப் பிடித்த முட்டி இது.

செப்டம்பர் 4, வியாழன்

நேற்றைய எபிசோடு: ஒரு அறை. புருஷன் விவேக் பூங்கோதையை அறைந்தான். அதை முன்னால் இருந்து காட்டினான், பின்னால் இருந்து காட்டினான், கூரையில் இருந்து காட்டினான். ஒவ்வொரு தரமும் இடி. பிறகு வீட்டில் இருக்கிற ஒவ்வொருத்தர் முகமும். சமையல்காரி முகம்கூட. முடிந்தது.

இதை எப்படிச் சொல்வது? "அறைஞ்சான்" என்றேன்.

"அப்பறம்?" என்றாள் லதா.

"அப்பறம் எல்லாரும் பார்த்தாங்க."

சைலஸ் போனை எடுத்துப் பாட்டு போட்டான்.

செப்டம்பர் 6, சனி

நேற்று பூங்கோதை காபி போட்டாள். மாடியில் இருக்கிற விவேக்குக்குக் கொண்டுபோகக் கிளம்பினாள். மூன்றாம் படியில் 'தொடரும்'.

போன வாரம் தெருவில் போனவள் எப்போது வீட்டுக்குள் வந்தாள்? சீரியல்காரனுக்கே ஞாபகம் இல்லை.

செப்டம்பர் 8, திங்கள்

இன்னும் படியிலேயே இருக்கிறாள். காபியில் ஆவி பறக்கிறது.

இன்றைக்கு என் சீட்டில் வேறு ஒருத்தர். வயிறு உள்ள மனுஷன், மடியில் டிபன் பை. லதா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நெரிசல்ண்ணே. சொல்லச் சொல்ல உக்காந்துட்டாரு."

துப்பட்டா அவள் கழுத்தில்தான் இருந்தது. நான் கவனிக்காமல் இல்லை.

மாலூர் வரைக்கும் நின்றேன். சுரங்கத்துக்குள் ஒரு லெவல், அதாவது ஒரு தளம், இடிந்து பாறை விழுந்த முட்டி, நிற்குமா?

செப்டம்பர் 9, செவ்வாய்

நின்றேன்.

செப்டம்பர் 10, புதன்

சரோஜா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே டிவி பார்ப்பாள், நான் பக்கத்தில் நாற்காலியில். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே திசையில் பார்க்கிற நேரம் இந்த அரை மணிதான்.

"எழுதறவன் லீவுல பூட்டான் போல கீது" என்றாள் நேற்று ராத்திரி.

"அதெல்லாம் உனக்குப் புரியாது. கதை நிதானமா போவுது."

"நிதானமா? அந்தக் காபிய ஆத்திட்டு, ஆத்திட்டு, எனக்கே கை நோவுது. ஒரு நாளு கண்ணுல தண்ணி வருது, அஞ்சு நாளு கண்ணே நோவுது. ஒரே ஆளு சமைச்ச சாப்பாடு மாதிரி இல்லியே இது."

பீன்ஸை அலச எழுந்து போய்விட்டாள். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரே ஆள், ஒரே தரம் — இந்தப் பேச்சை நான் எங்கே கேட்டிருக்கிறேன்?

மில்லில்.

செப்டம்பர் 11, வியாழன்

பேனா நிற்கவில்லை, யோசனை அப்படி வருகிறது.

மைன்ஸ் மூடுகிறவரைக்கும் நான் அங்கே தங்கக் கல் அரைக்கிற மில்லில் இருந்தேன். மேனேஜர் என்னைக் கேட்காமல் பெல்ட் ஓட்டமாட்டார். (கேட்டது ஒரு தரம்தான், அது டீ இருக்கிறதா என்று. ஆனாலும் கேட்டார்.) அங்கே ஒரு சட்டம் உண்டு. கீழே இருந்து வருகிற கல் எல்லாம் ஒரே மாதிரி வராது. ஒரு லெவலில் இருந்து பணக்காரக் கல் வரும், தங்கம் கண்ணிலேயே மினுக்கும். இன்னொரு லெவலில் இருந்து ஏழைக் கல், வெறும் மண்ணு. பணக்காரக் கல்லை மொத்தமாக இன்றைக்கே மில்லில் போட்டால் நாளைக்கு அரைக்க வெறும் மண்ணுதான் இருக்கும். அதனால் பணக்காரக் கல்லை ஓரமாகக் குவித்துவைத்து, தினமும் ஏழைக் கல்லோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து போடுவார்கள். எல்லா நாளும் ஒரே தரம். வெள்ளைக்காரன் காலத்து வழக்கம்.

என் தப்பு என்ன என்று தெரிந்துவிட்டது. நல்ல எபிசோடு வந்த அன்றைக்கே எல்லாத்தையும் கொட்டிவிட்டேன். கையில் சேமிப்பு இல்லை.

நேற்று நல்ல எபிசோடு. பூங்கோதையின் அப்பா வருகிறார், மகள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் போகிறார், வாசலில் மட்டும் ஒரு நிமிஷம் செருப்பைத் தேடுகிற மாதிரி நிற்கிறார். இன்று காலை பாதிதான் சொன்னேன். அப்பா வந்தார் என்றேன். தண்ணீரை வைத்துக்கொண்டேன். செருப்பையும் வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 13, சனி

நேற்று மறுபடி காபி. ஆனால் நான் இன்று காலை சேமிப்பில் இருந்த செருப்பை எடுத்துச் சொல்லிவிட்டேன்.

வயிற்றுக்காரர் எழுந்து, "பெரியவரே, நீங்க உக்காந்து சொல்லுங்க" என்றார். பாருங்கள், அந்நியன்.

செப்டம்பர் 15, திங்கள்

துப்பட்டா ஜன்னல் சீட்டில் இருந்தது. பச்சைப் பூ போட்ட துப்பட்டா. விரித்துப் போட்டிருந்தாள்.

செப்டம்பர் 18, வியாழன்

ஒரு கஷ்டம். ஏழைக் கல் வருகிறது, வருகிறது, பணக்காரக் கல்லே காணோம். குவித்துவைத்தது தீர்ந்துபோனது. சீரியல் மொத்தமும் சயனைடு மலை மாதிரி ஆகிவிட்டது — தங்கம் எடுத்தபின் கொட்டின மண்ணு, மழை பெய்தால் வழியும், வேறு பிரயோஜனம் இல்லை.

நாளைக்கு என்ன சொல்வேன்?

செப்டம்பர் 19, வெள்ளி

கோமளா அத்தையைக் கொன்றுவிட்டேன்.

திட்டம் போடவில்லை. வாய் தானாக ஓடியது. "காபி கொண்டுபோனா இல்ல, மூணாவது படியில, டம்ளர் சாஞ்சு ஒரு சொட்டு சிந்திச்சு" என்றேன். "அத்தை மேல இருந்து இறங்கி வர்றா. பட்டுப் புடவை. சாவிக்கொத்து இடுப்புல. திட்டறதுக்கு வாயத் தொறக்கறா. கால் அந்தச் சொட்டுல."

லதா என் கையைப் பிடித்தாள்.

"சாவிக்கொத்து மட்டும் படிப்படியா கீழ வந்துச்சு. சத்தம் கேட்டுச்சு. கடைசிப் படியில நின்னுச்சு."

இரண்டு வாரமாக அந்தக் காபிக்குக் காத்திருந்தவர்கள். இதற்காகத்தான் இத்தனை நாள் காபியைக் காட்டினான் என்று சைலஸ் மற்றவர்களுக்கு விளக்கினான். "பார்த்தியா, ஒண்ணும் வேஸ்டு இல்ல. எல்லாம் கணக்கா வெச்சிருக்கான்."

எழுதறவனுக்குப் போன பெயர் எனக்கு வந்திருக்க வேண்டும். பரவாயில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

பூங்கோதை எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டை பஜாரில் மெஸ் திறந்துவிட்டாள். டிவியில் அவள் சென்னைப் பக்கம் ஏதோ பங்களாவில் இருக்கிறாள், அது என் பாடு இல்லை.

"எந்தத் தெருவுல கடை?" என்று லதா கேட்டாள்.

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால."

"அங்க எல்லாம் வாடகை ஜாஸ்தி. நம்ம பாலகாட்டுல வெக்கச் சொல்லுங்க."

நாளைக்கு மாற்றிவிடலாம்.

செப்டம்பர் 26, வெள்ளி

எங்கள் ஸ்கெலட்டன் குடியிருப்பில், மைன்ஸ் கட்டின லைன் வீடுகளில் அடுத்த வரிசை மமதா, கால் சென்டரில் வேலை, கன்னடக்காரப் பெண், எங்கள் தமிழையே எங்களைவிட வேகமாகப் பேசுவாள். சந்தேகப் பிராணி. இன்றைக்கு வண்டியில் கேட்டாள்:

"மாமா, எல்லா சீரியலும் ரெண்டு வாரத்துல பேஜார் ஆயிடுது. இது மட்டும் எப்படி டெய்லி ஒரே லெவல்ல போவுது?"

"எழுதறவன் திறமை."

"யாரு எழுதறது?"

"பேரு கடைசியில சின்ன எழுத்துல ஓடும்மா. வேகமா. என் கண்ணுக்கே பிடிபடல."

"ஹௌதா?" என்றாள், அப்படியா என்று. அவள் ஹௌதா என்றால் நம்பவில்லை என்று அர்த்தம்.

ஆனாலும் எழுதிவைக்கிறேன்: வாரத்துக்கு ஆறு எபிசோடு, ஆறும் ஒரே தரம். இந்தியாவில் வேறு எவனுக்கும் முடியாத காரியம்.

செப்டம்பர் 29, திங்கள்

போச்சு.

லதா சிரித்துக்கொண்டே சொல்கிறாள்: "புதன்கிழமை ஆயுத பூஜை லீவுண்ணே. ஒரு வருஷமா காதால கேட்டத கண்ணால பார்க்கப்போறேன். மாமியா, நாத்தனாரு, பக்கத்து வீடு எல்லாரையும் கூப்பிட்டுகீறேன். பொரி, கடலை எல்லாம் வாங்கியாச்சு."

சைலஸும் பார்க்கப்போகிறானாம். மமதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கிழவி டிவியில் உயிரோடு இருக்கிறாள். நேற்று முன்தினம்கூட ஊஞ்சல் ஆடினாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

"புதன்கிழமை சீரியல் கிடையாது, பண்டிகை ஸ்பெஷல் போடறாங்க, டிவி போடாதீங்க" என்று சொல்லிப் பார்த்தேன்.

சைலஸ் போனில் தேடி, "இல்ல மாமா, சீரியலேதான் ஸ்பெஷல். ஒரு மணி நேரமாம்" என்றான்.

ஒரு மணி நேரம்.

அக்டோபர் 1, புதன் — ஆயுத பூஜை

சைக்கிளுக்கு, அரிவாள்மணைக்கு, மில்லில் போட்ட பழைய தொப்பிக்குச் சந்தனம் வைத்தேன். ரிமோட்டுக்கும் வைத்தேன். சாமி, இன்று மட்டும் கரண்ட் போகட்டும், இந்தப் பக்கம் முழுக்க, மாரிக்குப்பம் முதல் பங்காருப்பேட்டை வரை.

கரண்ட் ஏழு மணிக்குப் போயிற்று. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எட்டரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்துவிட்டது.

முதல் காட்சியே அத்தை. பட்டுப் புடவை, இடுப்பில் சாவிக்கொத்து. கையில் காபி.

"உங்களுக்கு ஏன் இப்டி வேர்க்குது?" என்றாள் சரோஜா. "ஃபேன் ஓடுதே."

அக்டோபர் 2, வியாழன்

லீவு. இன்றைக்கும் சாகவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். நான் அபார்ட்மென்ட் செக்யூரிட்டி, நான் இல்லை என்றால் வாசல் கேட்டே திறக்காது, அதனால் போனேன்.

ஜன்னல் சீட்டில் துப்பட்டா இருந்தது. நான் பக்கத்தில் போனதும் லதா அதை எடுத்து மடித்து, தன் பையை அங்கே வைத்தாள்.

"நில்லுங்க" என்றாள்.

நின்றேன்.

"எங்க வீட்ல பதினஞ்சு பேரு. கீழ பாய் போட்டு உக்காந்துகீறாங்க. டிவி போட்டா அந்தம்மா வந்து நிக்கறா. எங்க மாமியா கேக்கறாங்க, 'இன்னாடி, செத்துட்டாள்னு சொன்ன, காபி குடிக்கறா?' நான் இன்னா சொல்றது? அது பழசு அத்த, ஞாபகம் வர்ற மாதிரி காட்டறாங்கன்னேன். ஒரு மணி நேரம். ஒரு மணி நேரமும் ஞாபகம் ஞாபகம்னே சொல்லினு கீறேன். கடைசியில எங்க நாத்தனாரு கேக்கறா, 'இவ்ளோ ஞாபகம் யாருக்கு வருது?'"

பெட்டி பூரா சிரித்தது. நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"மெஸ்ஸு எங்க மாமா?" என்றான் சைலஸ். "பாலகாட்ல? என் பொண்டாட்டிகிட்ட, அங்க ஒரு நாள் சாப்ட்டுப் பார்க்கலாம், அது மாதிரி ஒரு கடை நெசமாவே இருந்தாலும் இருக்கும்னு சொல்லிகீறேன். சண்டே போய்த் தேடியிருப்பேன்."

"எப்போலேந்து?" — மமதா. சண்டை போடுகிற குரல் இல்லை. கேள்வி கேட்கிற குரல். அதுதான் பயம்.

சொல்லிவிட்டேன். மில்லு, ஏழைக் கல், பணக்காரக் கல், கலந்து போடுகிற சட்டம், எல்லாம். "கல்லு தீந்துபோச்சு. மில்லு நிக்கக் கூடாதுல்ல. அதனால கொஞ்சம் கைப்பொருள் போட்டேன்" என்றேன்.

"கொஞ்சமா" என்றாள் மமதா.

"அப்ப செருப்பு தேடின அப்பா?" என்று லதா கேட்டாள். "அது?"

"அது டிவியில வந்தது. சத்தியமா."

"சாவிக்கொத்து?"

"அது என்னுது."

அவள் மடித்த துப்பட்டாவை இன்னொரு மடிப்பு மடித்தாள். வண்டி குலுங்கியது. முட்டி உள்ளே யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருந்தது. சீட்டு போச்சு, சரி, ஒரு வருஷம் உட்கார்ந்தேனே, அது போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

"டிவியில வந்த ஒரு மணி நேரத்துல," என்றாள் லதா, "அந்த சாவிக்கொத்து மாதிரி ஒண்ணுகூட இல்லண்ணே. பொரிதான் காலியாச்சு."

பங்காருப்பேட்டை வந்தது. லதா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உக்காருங்க. தண்டனை முடிஞ்சுது."

உட்கார்ந்தேன். மமதா கம்பியில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லுங்க மாமா. அத்தை செத்தாளா, இல்லியா?"

"செத்துட்டா."

"டிவியில?"

"அது அவங்க கஷ்டம்."

"சரி, அப்பால?" என்றான் சைலஸ்.

அக்டோபர் 5, ஞாயிறு

மமதா வீட்டுக்கு வந்தாள். சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். செருப்பு, சாவிக்கொத்து, மெஸ், ஒன்று விடவில்லை. நடித்தே காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. நான் பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

சரோஜா சிரிக்கவில்லை. மமதா போனதும் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"ரயில்ல போறவங்களுக்கு எல்லாம் நல்ல கதை. உங்க பக்கத்துல உக்காந்து டெய்லி அந்தக் குப்பையப் பார்க்கறவ நானு. எனக்கு ஒரு நாளு சொல்லணும்னு தோணலியா?"

"நீதான் டிவியிலயே பார்க்கறியே."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அக்டோபர் 7, செவ்வாய்

சாதம் வருகிறது, ரசம் வருகிறது, பேச்சு வரவில்லை. டிவி நேரத்தில் அவள் கோயிலுக்குப் போய்விடுகிறாள். நான் தனியாக அத்தையைப் பார்க்கிறேன்.

ஒரே திசையில் பார்க்கிற அரை மணியும் போச்சு.

அக்டோபர் 8, புதன்

எட்டரைக்கு டிவி போடவில்லை. கோயிலுக்குப் புடவை மாற்றிக்கொண்டு வந்தவள், திரை இருட்டாக இருப்பதைப் பார்த்து, "ரிப்பேரா?" என்றாள்.

"இல்ல. உக்காரு. முதல் நாள்லேந்து சொல்றேன்."

உட்காரவில்லை. வாசல்படியில் சாய்ந்து நின்றாள். பெட்டி தெருவில் விழுந்தது, நம்பர் பலகை, மழை.

"அன்னிக்கு மழை எங்க பெஞ்சுது?" என்றாள். "நானும் பார்த்தேனே. வெயிலு."

"மழை நான் போட்டது."

"நல்லா கீது" என்றாள். உட்கார்ந்தாள்.

அக்டோபர் 11, சனி

மில்லில் அஸே ஆபீஸ் என்று ஒன்று உண்டு. கல்லில் ஒரு பிடி எடுத்துப் பொடித்து, காய்ச்சி, இதில் எத்தனை தங்கம் என்று தீர்ப்பு சொல்கிற இடம். என் வீட்டில் அது பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறது என்று இத்தனை காலம் தெரியாமல் போயிற்று.

ராத்திரி இவளிடம் சொல்லிப் பார்க்கிறேன், காலையில் வண்டியில் சொல்கிறேன். விடமாட்டேன் என்கிறாள்.

"நேத்து மெஸ்ல அரிசி இல்லன்னு அழுதா. இன்னிக்கு நூறு பேருக்கு எப்டிப் போடறா?"

"கடன் வாங்கினா."

"யாரு குடுத்தா? பேரு சொல்லு."

பேர் இல்லாமல் தூங்கவிடவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்றைக்கு ஒரு உண்மை. எனக்குப் பிடிக்காத உண்மை. எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன்.

ஒரு வாரமாக வண்டியில் 'அப்பால?' கேட்கிற வேகம் குறைந்திருக்கிறது. சைலஸ் இரண்டு தரம் போனைப் பார்த்தான். என் கதையிலும் ஏழைக் கல் வருகிறது. என் கதையில். நான் எழுதறவனை ஏசினேனே, பாவம், அவன் வாரத்துக்கு ஆறு நாள் எங்கே போய் வெட்டுவான்?

சரோஜாவிடம் சொன்னேன். அவளுக்கு முன்னாடியே தெரிந்திருக்கிறது.

"அத்தையக் கொன்ன அன்னிக்கே முடிஞ்சுது உங்க கதை. நல்ல வில்லி. அவள மாதிரி ஒருத்தி கெடைப்பாளா? கைத்தட்டு வாங்கணும்னு ஒரே நாள்ல எல்லாத் தங்கத்தையும் எடுத்துட்டீங்க. மில்லுல இருந்தேன் மில்லுல இருந்தேன்னு சொல்றீங்க."

"இப்போ உயிரோட எழுப்பவா?"

"சீ. செத்தா செத்ததுதான். அப்பறம் எவன் நம்புவான்?" பீன்ஸ் நாரை உருவினாள். "அந்த சாவிக்கொத்து கடைசிப் படியில கெடக்குது இல்ல. எத்தனை சாவி?"

நான் எண்ணவே இல்லை.

"வீட்ல கீற பூட்டுக்கு எல்லாம் சாவி சரியா இருக்கு. ஒண்ணு மட்டும் ஜாஸ்தி. அது எந்தப் பூட்டுக்குன்னு யாருக்கும் தெரியல. பூங்கோதை மெஸ்ல ஆணியில மாட்டி வெச்சுகீறா. டெய்லி பார்க்கறா. திட்டினவதான், ஆனா எத்த மறைச்சு வெச்சாளோ."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. "யோசிக்கிறேன்" என்றேன்.

அக்டோபர் 15, புதன்

சாவியைச் சொன்னேன். ஒயிட்ஃபீல்டில் நான் இறங்கவேண்டியவன், லதா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எந்தப் பூட்டு? சொல்லிட்டு இறங்குங்க" என்கிறாள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்தேன்.

பாராட்டு எல்லாம் எனக்கு. வீட்டில் போய்ச் சொன்னபோது, "ம்" என்றாள் சரோஜா. காதில் மாட்டியிருந்த கம்மலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அக்டோபர் 18, சனி

சைலஸ் செய்தி கொண்டுவந்தான். சேனல்காரன் சீரியலை நிறுத்திவிட்டானாம். யாரும் பார்ப்பதில்லையாம். இன்றைக்குக் கடைசி எபிசோடு.

மரியாதைக்கு டிவி போட்டோம், சரோஜாவும் நானும். இருபது நிமிஷத்தில் எல்லாரும் எல்லாரையும் மன்னித்தார்கள். அத்தை பூங்கோதையைக் கட்டிப் பிடித்தாள். கடைசியில் காபி மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. விவேக் குடித்தான்.

"ஆறிப்போயிருக்கும்" என்றாள் சரோஜா.

அக்டோபர் 23, வியாழன்

தீபாவளி முடிந்து இன்றுதான் வண்டி. டிவியிலே சீரியலே இல்லாதபோது முந்தின நாள் எபிசோடு என்று எதைச் சொல்வது, சீட்டு எதற்கு — இப்படி நினைத்துக்கொண்டு ஏறினேன்.

பச்சைப் பூ துப்பட்டா, விரித்தபடி.

"அவன் நிறுத்தினா நிறுத்திட்டுப் போறான்" என்றாள் லதா. "நாலு நாளா அந்தப் பூட்டு ஞாபகம்தான். என் தீபாவளியே போச்சு. உக்காருங்க."

நவம்பர் 3, திங்கள்

சரோஜாவுக்குக் கண் காட்ட பெங்களூர் போகவேண்டும். டிவியால் கெட்ட கண் என்கிறாள், வயசு என்று நான் சொல்லவில்லை. காலை வண்டிக்கே கூட்டிக்கொண்டு போனேன்.

ஒரு சீட்டுதான் இருந்தது. அவளை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். லதா நகர்ந்து இடம் பண்ணப் பார்த்தாள், அங்கே ஏற்கெனவே நான்கு பேர். "நான் நிக்கறேன்மா. மில்லுல எட்டு மணி நேரம் நின்னவன்" என்றேன்.

"சைக்கிள்லேந்து விழுந்த முட்டி, பார்த்து" என்றாள் சரோஜா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. சைலஸ் என்னைப் பார்த்தான். நான் வெளியே பார்த்தேன்.

கதையை ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் என்று சொல்லி ஒரு வாய் மூச்சு வாங்கினேன்.

"வெள்ளிக்கிழமை இல்ல, வியாழக்கிழமை" என்றாள் சரோஜா. "வெள்ளிக்கிழமை அவ மெஸ்ஸத் தொறக்க மாட்டா. அவங்க அப்பா வர்ற நாளு."

"அப்பா வர்றாரா?" என்றாள் மமதா. எனக்கே தெரியாது.

"வர்றாரு. இந்தத் தடவை தண்ணி குடிக்கறாரு. குடிச்சிட்டு ஆணியில மாட்டின சாவியப் பார்க்கறாரு. டம்ளரு கையிலேயே நிக்குது. 'இது எங்கிருந்து வந்துச்சு'ன்னு கேக்கல. ஏன்னா அந்தப் பூட்டு எங்க கீதுன்னு அவருக்குத் தெரியும்."

சைலஸ் போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டான்.

பிறகு அவள்தான் சொன்னாள். கையை ஆட்டவில்லை, குரலை ஏற்றவில்லை, நான் போடுகிற இடி மழை ஒன்றும் இல்லை. மடியில் இருந்த டிபன் பையின் காதைத் திருகிக்கொண்டே, பீன்ஸ் நறுக்குகிற மாதிரி, ஒரே அளவாகச் சொன்னாள். ஒரு இடம் மேலே இல்லை, ஒரு இடம் கீழே இல்லை. லதா அழுதாள். தூரத்தில் நின்றிருந்த வயிற்றுக்காரர் இடித்துக்கொண்டு முன்னால் வந்தார். என் கதையைவிட இதில் ஒரு பிடி தங்கம் அதிகம் என்று தோன்றியது. இதை வெளியே யாரிடமும் சொல்லப்போவதில்லை.

"அப்பால?" என்று ஒரு குரல் கேட்டது. யார் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். கேட்டது என் வாய்தான்.

மாலூர் வந்தபோதுதான் கவனித்தேன், இத்தனை தூரமும் நான் நின்றுகொண்டே வந்திருக்கிறேன்.